முதல் எண்ணெய் வண்ணத் தொடர்: கேன்வாஸ் வாங்குவதிலிருந்து பில் போடுவது வரை

தனித்தனியாகச் சில எண்ணெய் வண்ண ஓவியங்கள் வரைந்துவிட்டீர்கள். இப்போது ஒரே கருப்பொருளை எடுத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு உருவ ஓவியங்கள் செய்து, சென்னையில் ஒரு தனிநபர் கண்காட்சி வைக்கலாம் என்று தோன்றுகிறது. அந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரையச் சொல்லித்தர ஆசிரியர்கள் இருக்கிறார்கள், வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. வரைவதைச் சுற்றியுள்ள தேதி, பணம், காகிதம் ஆகிய மூன்றையும் பற்றி யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. தெருவோரத் தையல்காரர்களை வைத்து நான் ஒரு தொடர் செய்தபோது ஒவ்வொன்றையும் ஒவ்வொருவரிடம் போய்க் கேட்டு அலைந்துதான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு மிச்சமாகட்டும்.

இங்கே சொல்லும் விலைகள் நான் சென்னையில் கொடுத்தவை, தோராயமானவை. வாங்கும் முன் இரண்டு கடைகளில் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. தொடரை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

கேன்வாஸ் வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. அரங்குக்கு விண்ணப்பித்தாலும், உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாலும் முதலில் கேட்பது இந்தப் பக்கத்தைத்தான். அதில் யார், எங்கே, என்ன வெளிச்சம், எத்தனை ஓவியங்கள், என்ன அளவு என்ற ஐந்தும் இருக்க வேண்டும்.

"எளிய மனிதர்களின் வாழ்வியலைப் பேசும் ஓவியங்கள்" என்று எழுதாதீர்கள். தேர்வுக் குழுவில் இருப்பவர் அன்றைக்கே அதைப் பலமுறை படித்திருப்பார். "மதிய வெயிலில், நீலத் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து தைப்பவர்கள்" என்று எழுதினால் அவருக்குப் படம் தெரிந்துவிடும். உங்களுக்கும் நன்மை இருக்கிறது. தார்ப்பாய் நீலம் என்று எழுதியாயிற்று என்றால், எல்லா முகங்களிலும் மேலிருந்து ஒரு குளிர்ந்த நீலம் விழும். தொடருக்கு ஒரு நிறம் கிடைத்துவிடும்.

அளவுகளை இரண்டுக்குள் நிறுத்துங்கள். நான் எடுத்துக்கொண்டது 36×48 அங்குலத்தில் ஆறு, 24×30 அங்குலத்தில் ஆறு. அளவு பெருகப் பெருக ஃப்ரேம், பேக்கிங், சுவர் மூன்றும் சிக்கலாகும். சுவர்க் கணக்கை இப்போதே போட்டுப் பாருங்கள். நெட்டுவாக்கில் மாட்டினால் பெரியவை தலா 3 அடி, சின்னவை தலா 2 அடி, மொத்தம் 30 அடி. ஓவியத்துக்கு ஓவியம் 2 அடி இடைவெளி விட்டால் இன்னும் 22 அடி. ஆக ஏறக்குறைய 52 அடி சுவர் வேண்டும். அரங்கில் அவ்வளவு சுவர் இல்லை என்றால் ஓவியத்தைக் குறைக்க வேண்டியதுதான், நெருக்கி மாட்டக் கூடாது.

இன்னொன்று: உங்கள் வீட்டு மாடிப்படித் திருப்பத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். 5 அடிக்கு 6 அடி ஓவியம் அறைக்குள் பிறந்துவிடும், வெளியே வராது.

2. கண்காட்சித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

புதிதாக வருகிறவர்களில் பலர் அரங்கை முதலில் பதிவு செய்துவிட்டு, அதற்குள் வரைந்துவிடலாம் என்று கிளம்புகிறார்கள். அக்ரிலிக்கில் அது நடக்கலாம். எண்ணெய் வண்ணம் தண்ணீர் ஆவியாகிக் காய்கிற சரக்கு கிடையாது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி மெல்ல இறுகுகிறது. ஃபேன் போட்டாலும் ஹேர் டிரையர் பிடித்தாலும் அது தன் போக்கில்தான் போகும்.

மெல்லிய பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வர சில நாட்களிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும். கத்தியால் தடித்துப் பூசிய இடம் மாதக்கணக்கில் உள்ளே பச்சையாகவே இருக்கும். நிறத்துக்கு நிறமும் மாறும். பர்ன்ட் அம்பர் சீக்கிரம் காயும். ஐவரி பிளாக், அலிசரின் கிரிம்சன் இரண்டும் சோம்பேறிகள்.

என் கணக்கு இப்படி இருக்கும். கண்காட்சிக்கு 2 வாரம் முன்பு ஃப்ரேமும் பேக்கிங்கும் முடிந்திருக்க வேண்டும். 6 வாரம் முன்பு எல்லா ஓவியங்களையும் புகைப்படம் எடுத்திருக்க வேண்டும், கேட்லாக் அச்சுக்குப் போக வேண்டும். கடைசித் தூரிகை வீச்சு குறைந்தது 2 மாதம் முன்பே முடிய வேண்டும். வேறு வேலை பார்த்துக்கொண்டு மாலையிலும் வார இறுதியிலும் வரைபவர் என்றால் பன்னிரண்டு கேன்வாஸுக்கு 8 முதல் 10 மாதம் வையுங்கள். எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிவிடும். "ஆறு மாதத்தில் முடிக்கலாம்" என்று யாராவது சொன்னால், அவர் முழுநேரம் வரைபவரா என்று கேளுங்கள்.

சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஈரக்காற்றில் காய்வது தாமதமாகும், கேன்வாஸின் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். தொடரின் கடைசிக் கட்டம் அந்த மாதங்களில் விழாதபடி திட்டமிடுங்கள். அரங்குகளுக்குக் கிராக்கி டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான். அந்தக் காலம் வேண்டும் என்றால் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

3. பொருட்கள்: எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது

*கேன்வாஸ்.* 36×48 அங்குலத்தில் சட்டத்தோடு இழுத்துக் கட்டிய பருத்திக் கேன்வாஸ் எனக்கு 1,800 முதல் 2,500 ரூபாய் வரை ஆனது. ரோலாக வாங்கி, தச்சரிடம் சட்டம் செய்து, நாமே இழுத்துக் கட்டினால் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். ஆனால் சட்டத்தில் ஏமாறாதீர்கள். பேக்கிங் பெட்டி உடைத்த பச்சை மரத்தில் செய்தால் ஒரே கோடையில் முறுக்கிக்கொள்ளும், நான்கு மூலையும் ஒரே தளத்தில் நிற்காது. சட்டத்தின் உள்விளிம்பு கேன்வாஸிலிருந்து சரிந்து விலகியிருக்க வேண்டும். சரிவு இல்லாவிட்டால் அந்த விளிம்பு துணியில் அழுந்தி, ஓவியத்தைச் சுற்றி ஒரு கோடு விழுந்துவிடும். விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து வாங்குங்கள். 3 அடிக்கு மேல் நடுக்குறுக்குக் கட்டை கட்டாயம்.

*பூச்சு.* துணியின் மேல் நேரடியாக எண்ணெய் வண்ணம் படக் கூடாது, எண்ணெய் துணியை அரித்துவிடும். ஜெஸ்ஸோ, அதாவது வண்ணத்துக்கு அடியில் போடும் வெள்ளைப் பூச்சு, பூசி வந்த கேன்வாஸ்கூடப் பல சமயம் பெயருக்குப் பூசியதாகத்தான் இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊசி முனையளவு புள்ளிகள் தெரிந்தால் இன்னும் இரண்டு கோட் ஜெஸ்ஸோ பூசுங்கள். சுவருக்கு அடிக்கும் பிரைமர் மலிவு என்று சொல்பவர்கள் உண்டு. பயிற்சிக்குச் சரி, விற்கப்போகும் ஓவியத்துக்கு வேண்டாம்.

*வண்ணம்.* ட்யூப்பின் பெயரைப் பார்த்து வாங்காமல் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். வெள்ளையில் டைட்டானியம், அதாவது பிடபிள்யூ6, நல்லது. பிடபிள்யூ4 என்பது துத்தநாக வெள்ளை. நாளாவட்டத்தில் நொறுங்கிப் பெயரும் குணம் அதற்கு உண்டு. பழைய வகை அலிசரின், பிஆர்83, வெளிச்சத்தில் மங்கும். 'பர்மனென்ட்' என்று போட்டதை வாங்குங்கள். 'ஹியூ' என்று இருந்தால் அசல் நிறமிக்குப் பதில் வேறு கலவை என்று பொருள். மண் நிறங்களான ஓக்கர், சியன்னா, அம்பர் மலிவாகவும் கிடைக்கும், மங்கவும் மங்காது. உருவ ஓவியத்தில் பாதி வேலை அவற்றால்தான் நடக்கும். கேமல் நிறுவனத்தின் ஆர்ட்டிஸ்ட் வகையில் இவற்றை எடுத்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தை வெள்ளையிலும் நீலத்திலும் போடலாம். வெள்ளை மட்டும் நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு தீரும்.

*கரைப்பான்.* டர்பன்டைனை ஜன்னல் திறந்த அறையில்தான் பயன்படுத்த வேண்டும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடாகும். கசங்கிய துணிக்குள் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் காட்மியம், ஈயம் உள்ள ட்யூப்களை வாங்காமல் இருப்பதே நல்லது.

பன்னிரண்டு ஓவியங்களுக்கு வண்ணம், எண்ணெய், தூரிகை எல்லாம் சேர்த்து 15,000 முதல் 20,000 ரூபாய் ஒதுக்குங்கள்.

4. உட்காரும் மனிதர்கள்: கூலி, சம்மதம், புகைப்படம்

உருவ ஓவியத்தில் பின்னால் வம்பு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

உங்களுக்காக உட்காருபவருக்குக் கூலி கொடுங்கள். தொகையை அவர் தொழிலை வைத்துக் கணக்கிடுங்கள். ஒரு தையல்காரர் ஒரு மணி நேரத்தில் எத்தனை ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து முடிப்பாரோ, அந்த வருமானத்துக்குக் கீழே போகக் கூடாது. அவர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே வரைந்தாலும் கொடுக்க வேண்டும். நீங்கள் எதிரே ஓவியத் தாங்கியை (ஈசல்) நிறுத்தினால் வாடிக்கையாளர் ஒதுங்கித்தான் போவார். என்னிடம் ஒரு பெரியவர் முதல் நாளே கேட்டார்: "தம்பி, இதை எங்கெல்லாம் மாட்டுவீங்க? வித்தா எனக்கு என்ன?" நியாயமான கேள்வி. வரைய ஆரம்பிக்கும் முன் அதற்குப் பதில் உங்களிடம் இருக்க வேண்டும். நான் உட்காரும் கூலியோடு, ஓவியத்தின் நல்ல அச்சுப் பிரதி ஒன்றை ஃப்ரேம் போட்டுத் தருவதாகச் சொன்னேன். அவர்கள் அதற்கு ஒப்புக்கொண்டார்கள்.

சம்மதக் கடிதம் ஒரு பக்கம் போதும், அவருக்குப் புரியும் மொழியில் இருக்கட்டும். இவை இருக்க வேண்டும்:

- அவர் பெயர், உங்கள் பெயர், தேதி
- ஓவியத்தைக் காட்சிக்கு வைக்கவும், விற்கவும், கேட்லாக்கிலும் இணையத்திலும் வெளியிடவும் சம்மதம்
- பெயரைப் போடலாமா, வேண்டாமா
- கொடுத்த தொகை
- அவர் கையெழுத்து. படிக்கத் தெரியாதவர் என்றால் படித்துக்காட்டிய சாட்சியின் கையெழுத்தும்

பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோர் கையெழுத்து. ஆடையில்லா உருவம் என்றால் சம்மதத்தை இன்னும் விரிவாக எழுதுங்கள், எங்கெங்கே காட்டலாம் என்பது உட்பட. அரங்குக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தொடக்க விழா அன்றைக்கு "இதை மட்டும் கழற்றிவிடுங்கள்" என்று கேட்பது நடக்கிற விஷயம்.

புகைப்படத்தைப் பார்த்து வரைவதானால் அது நீங்கள் எடுத்ததாக இருக்கட்டும். இணையத்தில் கிடைத்த படம் அதை எடுத்தவருக்குச் சொந்தம். கொஞ்சம் மாற்றிவிட்டேன் என்பது நல்ல பதில் ஆகாது.

நேரில் உட்கார வைப்பதானால் 20, 25 நிமிடத்துக்கு ஒரு ஓய்வு. எழுந்து போகும் முன் பாதம், நாற்காலிக்கால், முழங்கை இருக்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். தையல்காரரிடம் அதற்குச் சாக்கட்டி தயாராகவே இருக்கும்.

5. வரையும்போது: வரிசையும் தோலும்

ஒரு ஓவியத்தை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவது தொடருக்கு ஒத்துவராது. மூன்று அல்லது நான்கு கேன்வாஸ்களை ஒன்றாக ஓட்டுங்கள். ஒன்று காயும்போது மற்றொன்றில் கை இருக்கும். நிறமும் ஓவியத்துக்கு ஓவியம் விலகிப் போகாது.

அடுக்குகளில் ஒரே விதி: கீழே எண்ணெய் குறைவு, மேலே போகப்போக எண்ணெய் அதிகம். முதல் பூச்சை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துப் போடுங்கள். பர்ன்ட் அம்பர் தோது, ஓரிரு நாளில் காய்ந்துவிடும். அடுத்த அடுக்கு ட்யூப்பிலிருந்து வந்தபடி. கடைசி அடுக்கில்தான் ஆளிவிதை எண்ணெய் சேர்க்கலாம். தலைகீழாகச் செய்தால் மேலடுக்கு முதலில் இறுகி, கீழடுக்கு பிறகு அசைந்து, வெடிப்பு விழும். அந்த வெடிப்பு தெரிய சில வருடங்கள் ஆகலாம், அதற்குள் ஓவியம் வாங்கியவர் வீட்டில் இருக்கும். காய்ந்த எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் வைத்துத் திருத்துவதும் கூடாது.

இனி தோல் நிறம். 'ஃப்ளெஷ் டின்ட்' என்று பெயர் போட்ட ட்யூப்பைத் தொடவே தொடாதீர்கள், அது நம் ஊரில் யாருடைய தோலும் இல்லை. அதே சமயம், நம் ஆட்களை வரைகிறேன் என்று பர்ன்ட் அம்பரை நேரடியாக அப்புவதும் தவறு. முகம் மரப்பொம்மை ஆகிவிடும். நான் வைத்துக்கொண்ட வண்ணத் தட்டு சின்னது: பர்ன்ட் சியன்னா, எல்லோ ஓக்கர், அல்ட்ராமரின், பர்மனென்ட் அலிசரின், வெள்ளை. நிழலுக்குச் சியன்னாவும் அல்ட்ராமரினும், நடுவெளிச்சத்துக்குச் சியன்னாவும் ஓக்கரும், காதுமடலிலும் விரல் கணுக்களிலும் துளி அலிசரின்.

கறுத்த தோலில் ஒளிப்புள்ளி வெள்ளையாக இருக்காது. மேலே இருப்பது வானமா, தார்ப்பாயா, டியூப் லைட்டா என்பதைப் பிரதிபலிக்கும். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே ஒருவர் குனிந்து ஊசிக்கு நூல் கோக்கும்போது நெற்றியின் மேட்டில் விழும் ஒளி சாம்பல் கலந்த நீலம். அதே நேரம் தாடைக்கு அடியில், மடியில் விரித்திருக்கும் சிவப்புத் துணியிலிருந்து எழும்பும் வெளிச்சம் சூடான செம்பழுப்பு. இந்த இரண்டையும் பிடித்துவிட்டால் முகத்தில் நுணுக்கம் குறைவாக இருந்தாலும் ஆள் உட்கார்ந்திருப்பார். வெள்ளையைச் சேர்த்துக்கொண்டே போனால் தோல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறும். வெளிச்சம் கூட்ட வேண்டுமானால் முதலில் ஓக்கரைக் கூட்டிப் பாருங்கள்.

கலந்த நிறங்களை ஒரு துண்டுக் கேன்வாஸில் பட்டையாகப் பூசி, பக்கத்தில் பென்சிலால் கலவையை எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே நிழல் வேண்டும்போது நினைவை நம்ப முடியாது.

6. புகைப்படமும் வார்னிஷும்

வார்னிஷ் பூசும் முன் புகைப்படம் எடுங்கள், பூசிய பின் பளபளப்பு கேமராவில் அடிக்கும். நேர் வெயில் படாத வராந்தா போதும். கேமரா ஓவியத்தின் நடுப்புள்ளிக்கு நேராக இருக்கட்டும், நிறத்தைப் பின்னால் சரிசெய்யப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிற அட்டை வைத்து எடுங்கள். அச்சுக்குப் பெரிய கோப்பு, விண்ணப்பங்களுக்குச் சின்னக் கோப்பு என இரண்டாகச் சேமியுங்கள். கோப்பின் பெயரிலேயே தலைப்பு, அளவு, ஆண்டு இருந்தால் பின்னால் தேட வேண்டாம்.

வழக்கமான வார்னிஷை ஓவியம் முடிந்து 6 மாதம் முதல் ஒரு வருடம் கழித்துத்தான் பூச வேண்டும். கண்காட்சிக்குள் அந்தக் காலம் வராது. சில இடங்கள் மங்கலாகவும் சில இடங்கள் பளபளப்பாகவும் இருந்தால் ரீடச்சிங் வார்னிஷ் என்ற தற்காலிக வார்னிஷை மெல்லியதாக ஒரு கை போடலாம். வாங்குபவரிடம் "அடுத்த வருடம் வந்து வார்னிஷ் பூசித் தருகிறேன்" என்று எழுதிக் கொடுங்கள். அவர்களுக்கு அது பிடிக்கிறது.

7. காகிதங்கள்

கண்காட்சிக்கு முன்பே ஒரு கோப்பில் இவை இருக்கட்டும்: ஓவியப் பட்டியல் (எண், தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு, விலை), உங்களைப் பற்றி ஒரு பக்கம், தொடர் பற்றிய ஒரு பக்கம், சம்மதக் கடிதங்கள், ஆதார், பான், வங்கி விவரம், ஒவ்வொரு ஓவியத்துக்கும் அது அசல் என்று நீங்கள் கையெழுத்திட்ட சான்றிதழ். ஓவியத்தின் பின்பக்கச் சட்டத்திலும் தலைப்பு, ஆண்டு, பெயர் எழுதுங்கள். துணியின் மேல் மார்க்கரால் எழுதாதீர்கள், முன்பக்கம் ஊறும்.

பதிப்புரிமையில் புதியவர்களுக்குத் தெரிய வேண்டியவை இவை. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, வரைந்த உடனேயே உரிமை உங்களுடையது. பதிவு கட்டாயம் இல்லை. உங்கள் ஆயுளுக்கும், அதன் பின் 60 ஆண்டுகளுக்கும் அது நீடிக்கும். பதிவு செய்தால் வழக்கு என்று வரும்போது கையில் சான்று இருக்கும். கலைப் படைப்பு ஒன்றுக்குக் கட்டணம் 500 ரூபாய், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். யாராவது ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் காத்திருப்பு உண்டு. பன்னிரண்டையும் பதிவு செய்ய வேண்டியதில்லை; அழைப்பிதழிலும் சுவரொட்டியிலும் போகும் ஒன்றிரண்டுக்குச் செய்தால் போதும் என்பது என் கருத்து.

ஓவியத்தை விற்றால் வாங்கியவருக்குப் போவது கேன்வாஸ் மட்டுமே. அதைக் காலண்டரிலோ புத்தக அட்டையிலோ அச்சிட வேண்டுமானால் உங்கள் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அப்படி எழுதிக் கொடுக்கும்போது எத்தனை ஆண்டு, எந்த நாடு என்று குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இந்தியா முழுவதும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும்.

ஒரு பொறி இருக்கிறது. ஒருவர் பணம் கொடுத்துத் தன் உருவத்தை வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் அவரே. அப்படி வரைந்ததை உங்கள் தொடரில் சேர்த்து அச்சிட நினைத்தால், முன்பணம் வாங்கும் முன்பே எழுதி வாங்குங்கள்.

8. அரங்கு: வாடகையா, கமிஷனா

இரண்டு வழி உண்டு. வாடகை கொடுத்து எடுக்கும் அரங்கில் விற்பனைப் பணம் உங்களுக்கு, செலவும் உங்களுக்கு. கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாடமியின் மண்டல மையம், ஈஞ்சம்பாக்கம் சோழமண்டல் கலைக் கிராமம், முட்டுக்காடு தட்சிணசித்ரா என்று இடங்கள் உண்டு. நேரில் போய்ச் சுவரையும் விளக்கையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள். வாடகையோடு முன்வைப்புத் தொகை, மின்கட்டணம், மாட்டும் ஆட்கள் கூலி சேருமா என்றும் கேளுங்கள். கமிஷன் முறையில் இயங்கும் கேலரி உங்களை அழைத்தால் விற்பனையில் 30 முதல் 50 சதவீதம் எடுத்துக்கொள்ளும். அதற்கு ஈடாக வாங்குபவர்களைக் கூட்டிவருவது அவர்கள் வேலை.

எனக்கு ஒரு தனியார் கேலரியில் விற்ற ஓவியத்துக்கான பணம் மாதக்கணக்கில் வரவில்லை. கேட்டபோதெல்லாம் "கஸ்டமர் இன்னும் கொடுக்கலை சார்" என்றார்கள். ஓவியமோ வாங்கியவர் வீட்டில் மாட்டியாயிற்று. அதனால் சொல்கிறேன், ஒப்பந்தத்தில் இவை இல்லாமல் ஒரு ஓவியத்தையும் இறக்காதீர்கள்:

- கமிஷன் எவ்வளவு, தள்ளுபடி கொடுத்தால் யார் பங்கிலிருந்து
- விற்ற எத்தனை நாளில் பணம். முழுப் பணம் வராமல் ஓவியத்தைக் கொடுக்கக் கூடாது என்ற வரி
- ஃப்ரேம், போக்குவரத்து, காப்பீடு, அழைப்பிதழ் யார் செலவு
- சேதமானால் யார் பொறுப்பு
- விற்காதவை எந்தத் தேதிக்குள் திரும்ப வரும்

இறக்கும்போது பட்டியலில் ஒவ்வொரு ஓவியத்துக்கும் எதிரே நிலைமையைக் குறித்து, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது மூலையில் இடிபட்டிருந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

மாட்டும்போது ஓவியத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 58 அங்குல உயரத்தில் வரட்டும். வழக்கமாக எல்லோரும் உயர்த்தித்தான் மாட்டுகிறார்கள்.

9. ஃப்ரேம், பேக்கிங், வண்டி

மெல்லிய மரச் சட்டம் பெரிய ஓவியத்துக்கு 2,000 முதல் 3,000 ரூபாய் வரை ஆகும். கண்ணாடி வேண்டாம். காயாத ஓவியத்தின் முகத்தில் பிளாஸ்டிக் நேரடியாகப் படக் கூடாது. நான்கு மூலையிலும் அட்டைத் துண்டு வைத்து, முகத்துக்கும் உறைக்கும் இடையே காற்று இருக்கும்படி கட்டுங்கள். குமிழ்த் தாளில் குமிழ் வெளிப்பக்கம் பார்க்கட்டும். உள்ளே இருந்தால் வண்ணத்தில் வட்ட வட்டமாகத் தடம் விழும். வெளியூருக்குச் சுருட்டி அனுப்ப நேர்ந்தால் வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி, அகலமான குழாயில், நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும்.

சென்னைக்குள் குட்டி யானை ஒன்று போதும். நிறுத்தி, முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகு என்று அடுக்குங்கள். படுக்கப் போட்டால் மேலே யாராவது ஸ்பேர் டயரை வைப்பார்கள். பெங்களூருக்கோ கொச்சிக்கோ அனுப்புவதானால், மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் லாரிக்காரர் இ-வே பில், அதாவது சரக்கை எடுத்துச் செல்வதற்கான ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு, கேட்பார். தமிழ்நாட்டுக்குள் அந்த வரம்பு 1 லட்சம். விற்பனைக்கு முன் காட்சிக்குத்தான் போகிறது என்றாலும் என்ன சரக்கு, யாருக்கு என்று எழுதிய டெலிவரி சலான் ஒன்று வண்டியில் இருக்க வேண்டும்.

10. விலை, பில், வரி

விலையைச் சதுர அங்குலக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தொடருக்குள் ஒரே விகிதம். பிடித்த ஓவியத்துக்கு மட்டும் விலை ஏற்றினால் வாங்குபவர் மற்றவற்றைச் சந்தேகமாகப் பார்ப்பார். அரங்கில் ஒரு விலை, வீட்டுக்கு வந்தால் ஒரு விலை என்றும் வைக்காதீர்கள். கேலரிக்காரர் காதுக்கு அது எப்படியும் போய்விடும்.

செலவைக் கூட்டிப் பாருங்கள்: கேன்வாஸ், வண்ணம், கூலி, ஃப்ரேம், வண்டி, அச்சு, தொடக்க விழா டீ, வாடகை. பன்னிரண்டு ஓவியங்களுக்கு எனக்கு ஒன்று முதல் ஒன்றரை லட்சத்துக்குள் வந்தது. உங்கள் நேரத்துக்கான கூலி அதில் இல்லை. தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறையின் அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். ஓவியர்களுக்கான உதவிக்கு விண்ணப்பம் கேட்கும்போது, முதல் படியில் எழுதிய அந்த ஒரு பக்கமும், ஆறாம் படியில் எடுத்த புகைப்படங்களும் தயாராக இருந்தால் ஒரே மாலையில் விண்ணப்பம் முடிந்துவிடும்.

தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு. நம்மில் பெரும்பாலோருக்கு அந்தக் கவலை இல்லை. வெளிமாநிலத்துக்கு விற்பதில் தனி விதிகள் இருப்பதால் அதற்கு முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கையால் வரைந்த ஓவியத்துக்கு வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம், அதற்கு முன் 12. பதிவு பெற்ற கேலரி உங்களிடம் பிடிக்கும் கமிஷனுக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி போடும். அந்தத் தொகையை ஒப்பந்தம் பேசும்போதே கேட்டுக்கொண்டால் கடைசியில் அதிர்ச்சி இருக்காது. பதிவு இல்லாதவரும் எண் போட்ட சாதாரண பில் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். அதன் நகலையும் சான்றிதழ் நகலையும் பத்திரப்படுத்துங்கள். உங்கள் ஓவியம் பிற்காலத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் மறுபடி விற்கப்பட்டால், அதில் உங்களுக்குப் பங்கு கேட்கும் உரிமை சட்டத்தில் உண்டு. கேட்பதற்கு, அது யாரிடம் போனது என்ற தடம் உங்களிடம் இருக்க வேண்டும்.

விற்காமல் திரும்பியவற்றைக் கட்டிலுக்கு அடியிலோ பரணிலோ போட்டு மூடாதீர்கள். இருட்டில் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளாகும். அப்படி ஆகிவிட்டால் நேர் வெயில் படாத வெளிச்சத்தில் சில வாரம் வைத்தால் பெருமளவு தெளியும். செங்குத்தாக, தரையிலிருந்து கட்டை கொடுத்து, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். மழை மாதங்களில் வாரம் ஒருமுறை பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.